கடற்தொட்டியில் கண்ணாடிச் சாமந்தி: களையையே வடிகட்டியாக்கும் முழு வழிகாட்டி

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில், மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் சேர்த்து 200 லீற்றர் தண்ணீர் ஓடுகிறது. மேல்தொட்டியில் மீன்கள். அங்கே கல்லிடுக்கில் ஒரேயொரு ஐப்டேசியா, அதாவது கண்ணாடிச் சாமந்தி என்ற சின்னக் கடல் விலங்கு, தலை நீட்டினாலும் அன்றைக்கே ஊசியை எடுத்துவிடுவேன். மேசைக்கு அடியில் இருக்கும் சின்னத் தொட்டியிலோ அதே ஐப்டேசியாவை நூற்றுக்கணக்கில் வெளிச்சம் போட்டு வளர்க்கிறேன். இரண்டும் ஒரே உயிர்தான். இருக்கிற இடத்தைப் பொறுத்துத்தான் அது களையா வடிகட்டியா என்பது.

இதைக் கேட்டதும் பலர் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். சிலர் பயந்து கிட்டவே வருவதில்லை. சிலர் நாலு சாமந்தியைக் கீழே போட்டுவிட்டு, இனித் தண்ணீர் மாற்றத் தேவையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது ஆட்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆளை அறிந்துகொள்ளுங்கள்

ஐப்டேசியா ஒரு சின்னக் கடற்சாமந்தி. மெல்லிய தண்டு, மேலே ஒரு தட்டு, சுற்றிவர ஊசி போன்ற உணர்கொம்புகள். கண்ணாடி மாதிரி ஊடே தெரியும், ஆனால் பழுப்பு நிறம். அந்தப் பழுப்பு அதன் சொந்த நிறமல்ல. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகளுடையது. பவளங்களுக்குள் இருப்பதும் இதே வகைப் பாசிதான். அதனால்தான் பவளத்தைப் படிக்கும் ஆய்வுகூடங்கள் இதை வளர்க்கின்றன. 2015இல் இதன் முழு மரபணுத்தொகுதியும் வெளியாகிவிட்டது.

நமக்கு வேண்டியது இதன் இரட்டைச் சாப்பாடு. ஒரு துண்டு இறாலை ஊசிமுனை அளவுக்கு நறுக்கி, நீண்ட குழாயால் உணர்கொம்பின் மேல் மெதுவாக விட்டுப் பாருங்கள். தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கொம்புகள் ஒவ்வொன்றாக வளைந்து வந்து மூடும். நடுத்தட்டு சுருங்க, வாய் ஒரு கோடு மாதிரித் திறக்கும், துண்டு உள்ளே போகும். மீன் தின்னாமல் விட்ட தீனியும் எச்சத்தின் துணுக்குகளும் அழுகி அமோனியாவாகும் முன் இப்படித்தான் பிடிபடுகின்றன. இது ஒரு வழி. மற்றது, உள்ளே இருக்கும் பாசி வெளிச்சத்தில் வேலை செய்யும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியாவை உறிஞ்சிக்கொள்வது. சாமந்தி தானே கழிக்கும் அமோனியாவையும் அந்தப் பாசி அங்கேயே வாங்கிக்கொள்கிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி போய்விடும். பாசி போன சாமந்தி வெறும் வாயும் வயிறும்தான். துணுக்கைத் தின்று அமோனியாவை வெளியே விடும். இருட்டுப் பெட்டிக்குள் ஐப்டேசியாவை வைத்துவிட்டு நைத்திரேற்று (அமோனியா மாறிக் கடைசியில் தண்ணீரில் தங்கும் அழுக்கு) குறையவில்லையே என்று கேட்பதில் பயனில்லை.

மஜானோ என்ற இன்னொரு களைச் சாமந்தியும் உண்டு. குட்டையாக, கொம்பு நுனி கொஞ்சம் உருண்டு, சில நேரம் பச்சையாக இருக்கும். அதையும் இதே முறையில் வளர்க்கலாம். நான் ஐப்டேசியாவையே விரும்புகிறேன், வேகமாகப் பெருகும்.

எவ்வளவு அழுக்கு, எவ்வளவு வேலை

கணக்கைப் பார்க்காமல் தொட்டி கட்டக்கூடாது. நாளொன்றுக்கு 2 கிராம் உலர்தீனி போடுகிறீர்கள் என்று வைப்போம். அதில் 45 வீதம் புரதம் என்றால் 0.9 கிராம். புரதத்தில் ஏறக்குறைய 16 வீதம் நைதரசன், ஆகவே 0.144 கிராம். அது முழுக்க நைத்திரேற்றாக மாறினால் சுமார் 640 மில்லிகிராம். 200 லீற்றரில் அது நாளுக்கு லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குச் சற்று மேல், ஒரு கிழமைக்கு ஏறக்குறைய 22. மீனின் வளர்ச்சிக்கு ஒரு பங்கு போனாலும் மிச்சம் தண்ணீரில்தான்.

சாமந்தியின் உடலில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கை நிறையச் சுரண்டி எடுத்தாலும் அதில் இருக்கும் நைதரசன் கொஞ்சம்தான். ஆகவே இது தண்ணீர் மாற்றத்துக்குப் பதிலல்ல, கூட்டாளி. கிழமைக்கு 10 வீதம் மாற்றுவதை நிறுத்தாதீர்கள். நுரை எழுப்பி அதோடு அழுக்கை வெளியே எடுக்கும் நல்ல புரத நுரைவடிகட்டி வாங்கப் பணமிருந்தால் முதலில் அதை வாங்குங்கள். பணம் இல்லாதவருக்கும், மிச்சத் தீனியை நாளெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்று வேண்டும் என்பவருக்கும் இது கைகொடுக்கும்.

அப்புறம், எல்லாவற்றிலும் முக்கியமானது: சாமந்தி பிடித்த அழுக்கு சாமந்திக்குள் இருக்கிறது, தொட்டியை விட்டுப் போகவில்லை. நீங்கள் அறுவடை செய்து வெளியே எடுத்தால்தான் அது போகும். அறுவடை இல்லாத ஐப்டேசியாத் தொட்டி குப்பையை அள்ளி வீட்டு மூலையிலேயே குவிப்பது போல. என்றாவது ஒருநாள் அத்தனையும் சேர்ந்து செத்தால் குவித்ததெல்லாம் ஒரே இரவில் திரும்பி வரும்.

யாருக்குப் பொருந்தாது

பவளம் வளர்ப்பவர் வேண்டாம். ஐப்டேசியா பக்கத்துப் பவளத்தைக் கொட்டி எரித்துவிடும். கடற்குதிரை வைத்திருப்பவரும் வேண்டாம், அது மெதுவாக நீந்தும், எதையாவது வாலால் பிடித்துக்கொண்டு நிற்கும், கொட்டு வாங்கும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கே இது பொருந்தும்.

தண்ணீர்

நம் பக்கத்தில் கடல் வாசலிலேயே இருக்கிறது, ஆனால் எங்கே எப்போது அள்ளுவது என்பது பெரிய விசயம். பாலமீன்மடு, முகத்துவாரப் பக்கம் அள்ளாதீர்கள். வாவித் தண்ணீரும் கடலும் கலக்கும் இடம் அது, உப்பு நாளுக்கு நாள் மாறும். ஒரு மார்கழியில் நான் கல்லடிக் கரையில் கானோடு நின்றபோது, வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முகத்துவாரம் வெட்டிக் கிடக்கு மகன். இப்ப நீங்க அள்ளுறது ஆத்துத் தண்ணி." வீட்டுக்குக் கொண்டுபோய் அளந்தேன். அவர் சொன்னது சரி. வெட்டிய வாயால் வெள்ளம் இறங்கும்போது கரையோரம் எவ்வளவு தூரத்துக்கு உப்புக் குறைகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வைகாசியிலிருந்து ஆவணி வரை, மழை இல்லாத நாட்களில், திறந்த கரையில் அள்ளுங்கள். தன்னடர்த்தி 1.025க்குக் கிட்ட இருக்கவேண்டும், அதாவது லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மாரிக்கு வேண்டியதை முன்கூட்டியே பீப்பாயில் சேமியுங்கள். மூடி போட்டு, இருட்டில், காற்றுப்பம்பு ஓட விட்டு இரண்டு கிழமை வைத்தால் கூட வந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். அல்லது கடற்தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கரைக்கலாம். சமையல் உப்பு உதவாது.

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாக நன்னீர்தான் ஊற்றவேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. மலக்குழிக்குக் கிட்ட உள்ள கிணற்றில் நைத்திரேற்று இருக்கும். ஊருக்குள் விற்கும் ஆர்ஓ தண்ணீரை வாங்குங்கள்.

கீழ்த்தொட்டி கட்டுதல்

நீளம் 60, அகலம் 30, உயரம் 30 செண்டிமீற்றர் கண்ணாடித் தொட்டி ஒன்று போதும். 22 செண்டிமீற்றர் வரை நிரப்பினால் ஏறக்குறைய 40 லீற்றர். மேலே விடும் 8 செண்டிமீற்றர் இடைவெளி வீணல்ல. கரண்ட் போய் பம்பு நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கும். அந்த இடைவெளி 14 லீற்றர் தாங்கும். பம்பிலிருந்து மேலே திரும்பும் குழாயில், மேல்தொட்டி நீர்மட்டத்துக்கு 2 செண்டிமீற்றர் கீழே ஒரு சிறு துளை போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று ஏறி, இறங்குவது நின்றுவிடும். தொட்டியை நிரப்பி, பம்பை நீங்களே நிறுத்திப் பார்த்து, தரை நனையவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த வேலை.

தொட்டியைக் குறுக்குக் கண்ணாடி வைத்து மூன்றாகப் பிரியுங்கள். மேலிருந்து தண்ணீர் விழும் முதல் அறை பெரியது, சாமந்திக்கு. அதற்கு முன் வடிதுணி எதுவும் போடவேண்டாம், துணுக்குகள் சாமந்தியிடம் வரவேண்டும். நடு அறையில் அடர்ந்த பஞ்சு இறுக்கமாக. கடைசி அறையில் பம்பு. அந்தக் கடைசி அறையின் வெளிப்பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள், அங்கே எதுவும் குடியேற ஆசைப்படக்கூடாது. பம்பிலிருந்து மேலே போகும் குழாயில் ஒரு புறஊதா விளக்கு பூட்டினால் நல்லது. ஐப்டேசியா முட்டையும் விந்தும் விட்டு மிதக்கும் குஞ்சுகளையும் உண்டாக்கும், பஞ்சு அவற்றைப் பிடிக்காது. விளக்கும் எல்லாவற்றையும் கொல்லாது, ஆனால் பெருமளவு குறைக்கும்.

மணித்தியாலத்துக்கு 600 முதல் 1000 லீற்றர் வரை ஓடும் பம்பு போதும். முதலறைக்கு மேலே 15 அல்லது 20 வற்றில் ஒரு வெள்ளை எல்இடி, 10 முதல் 12 மணித்தியாலம். மேல்தொட்டி விளக்கு அணைந்த பின் இதைப் போடுங்கள். இரவில் மேலே காபனீரொட்சைட்டு கூடி பீஎச் இறங்கும் நேரத்தில், கீழே பாசி அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

சாமந்தி வைக்கும் முன் தொட்டி பழுத்திருக்கவேண்டும். அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் செராமிக் வளையங்களிலும் குடியேற 4 முதல் 6 கிழமை எடுக்கும். அந்த வேலையை எந்தச் சாமந்தியாலும் செய்யமுடியாது. கல்லுக்காகப் பாசிக்குடாப் பக்கம் போகாதீர்கள். பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். 1998இல் கடல் சூடாகி வெளிறிச் செத்த பாறை அது, இன்னும் மெல்ல மெல்லத்தான் எழும்புகிறது. கடையில் காய்ந்த கல் வாங்குங்கள்.

விதை போடுதல்

ஐப்டேசியாவைக் காசு கொடுத்து வாங்கவேண்டாம். கடற்தொட்டி வைத்திருக்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், கல்லோடு தந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு போதும்.

என் முறையின் உயிர்நாடி இதுதான்: சாமந்தியைத் தொட்டிக் கண்ணாடியில் அல்ல, தட்டுகளில் வளர்க்கவேண்டும். தரைக்குப் பதிக்கும் டைல்ஸை 10 செண்டிமீற்றர் சதுரத்துக்கு வெட்டி ஆறு துண்டு எடுங்கள். வழுவழுப்பான பக்கம் கீழே, சொரசொரப்பான பக்கம் மேலே. பம்பை நிறுத்திவிட்டு, தட்டுக்கு இரண்டு சாமந்தி என்று வையுங்கள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் துளையிட்டு, இரவு முழுக்க மேலே கவிழ்த்துவைத்தால் உருண்டு ஓடாது. காலையில் அடி ஒட்டியிருக்கும்.

முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை நறுக்கிய இறால் துளி கொடுங்கள். அதற்குப் பிறகு தேவையில்லை, மேலிருந்து வருவதே சாப்பாடு. ஐப்டேசியா நகரும்போது அதன் அடிப்பாதத்தின் விளிம்பு சிறு துண்டுகளாகக் கிழிந்து பின்னால் நிற்கும். ஒவ்வொரு துண்டும் சில நாளில் ஒரு குட்டிச் சாமந்தி. கடுகளவில் தட்டெங்கும் முளைப்பதைப் பார்க்கும்போது, மேல்தொட்டியில் இதை ஏன் எவராலும் ஒழிக்கமுடியவில்லை என்பது விளங்கும்.

அறுவடை

தட்டுகளில் 1 முதல் 6 வரை எண் போட்டுவிடுங்கள். கிழமைக்கு ஒன்று, முறை வைத்து. பம்பை நிறுத்துங்கள். தட்டை ஒரு கடற்தண்ணீர் வாளிக்குள் இறக்கி, வாளியோடு வெளியே கொண்டுபோங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டதும் அவை சுருங்கி, உடலிலிருந்து வெள்ளை நூல்களை விடும். அந்த நூலிலும் கொட்டும் முட்கள் நிறைந்திருக்கும். பழைய சவரப் பிளேடால் ஒரு போக்கில் வழித்து எடுங்கள். தட்டைச் சுத்தமாகத் தேய்க்கவேண்டாம், ஒட்டி நிற்கும் பாதத்துண்டுகள்தான் அடுத்த விதை. தட்டை வேறு கடற்தண்ணீரில் அலசி, மீண்டும் இடத்தில் வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பம்பைப் போடுங்கள். ஆறு கிழமையில் அதன் முறை வரும்போது மறுபடி நிறைந்திருக்கும்.

வழித்ததை வெயிலில் காயவிட்டு, நன்னீரில் அலசித் தென்னையடியில் போடுகிறேன். மேல்தொட்டி இறாலுக்குச் சாப்பாடாகப் போடலாமே என்று கேட்பார்கள். போட்டால் இறால் தின்னும், ஆனால் வெளியே எடுத்த நைதரசன் திரும்பவும் தண்ணீருக்குள் போய்விடும்.

பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவவேண்டும். விட்டால் அதுவே அழுகல் கிடங்காகிவிடும்.

தப்பி ஓடினால்

ஒருமுறை அவசரத்தில், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்த்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நாலைந்தைச் சுரண்டினேன். ஒரு நிமிட வேலை. மாதம் முடியுமுன் மேல்தொட்டிக் கல்லில் ஒன்பது முளைத்திருந்தன. அதிலிருந்து கண்ணாடியில் ஏறியதை எடுக்க ஒரே வழி வைத்திருக்கிறேன்: பம்பை நிறுத்தி, குழாயால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே, குழாய் வாயாலேயே சுரண்டுவது. துண்டுகள் நேரே வாளிக்குள் போய்விடும்.

மேலே முளைத்ததைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ஒன்று பத்தாகும். கல்சியம் ஐதரொட்சைட்டைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தயிர்ப் பதத்துக்கு எடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதுதான், ஆனால் நிறமோ வாசனையோ சேர்த்ததென்றால் வேண்டாம். பம்புகளை நிறுத்தி, ஊசி சிரிஞ்சால் அதன் வாய்த்தட்டின் மேல் மெதுவாக ஒரு மூடாக்கு மாதிரி விடுங்கள். ஒரு நாளில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், பீஎச் ஏறிவிடும்.

காவலுக்கு, ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் இரண்டு மூன்றை மேல்தொட்டியில் விடலாம். வாங்கும்போது கவனம். முதுகில் கூனும் வெள்ளைக் கோடுகளும் உள்ள ஒட்டக இறாலை அதுதான் என்று கொடுத்துவிடுவார்கள். அது நமக்குத் தேவையான இறாலல்ல. பேர்கியா என்ற சின்னக் கடல்நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்னும், ஆனால் அது கீழே இறங்கினால் உங்கள் வடிகட்டியையே தின்றுமுடிக்கும்.

கரண்டும் வெயிலும் மருந்தும்

2022இல் மணித்தியாலக் கணக்கில் கரண்ட் போன நாட்களில் எனக்கு உதவியது பற்றரிக் காற்றுப்பம்பு. நெருக்கமாக வளர்ந்த சாமந்தி நின்ற தண்ணீரில் ஒட்சிசனை வேகமாகத் தீர்த்துவிடும். காற்றுக்கல்லைக் கீழ்த்தொட்டியிலும் ஒன்று போடுங்கள், மீன் தொட்டியில் மட்டும் போட்டால் போதாது. நீண்ட நேரத்துக்குப் பிறகு கரண்ட் வந்ததும், கீழ்த்தண்ணீரை மணந்து பாருங்கள். அழுகிய முட்டை வாசம் வந்தால் பம்பைப் போடாமல் அந்தத் தண்ணீரை அப்படியே வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் 31 பாகையைத் தாண்டும். சாமந்தி வெளிறத் தொடங்கினால் பாசி வெளியேறுகிறது என்று அர்த்தம். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். 25 முதல் 28க்குள் வைத்திருக்கப் பாருங்கள்.

மீனுக்கு நோய் வந்தால் செப்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஒரு துளிகூட விடாதீர்கள். செப்பு முள்ளந்தண்டிலிகளைக் கொல்லும். நூற்றுக்கணக்கான சாமந்தி ஒன்றாகச் செத்தால் அமோனியா எகிறும், நோயில் தப்பிய மீன் அதில் சாகும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள்.

அளவு பார்த்தல்

கிழமைக்கு ஒருநாள், அறுவடைக்கு முன், சோதனை செய்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பற்றீரியாப் பக்கம் பிழை, சாமந்தியைக் கூட்டிப் பயனில்லை. நைத்திரேற்று மீன்தொட்டிக்கு லீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே நின்றால் போதும். முதல் இரண்டு மாதத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள், தட்டு நிறையவே அவ்வளவு காலம் எடுக்கும். ஏறிக்கொண்டே போனால் முதலில் தீனியைக் குறையுங்கள்.

நிறுத்த நினைத்தால்

தட்டுகள், பஞ்சு, கீழ்த்தொட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பீப்பாயில் போட்டு, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு குளோரின் வெளுப்பு நீர் ஊற்றி, வீட்டுக்கு வெளியே ஒரு நாள் முழுக்க விடுங்கள். அதோடு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சேரக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். கல்லைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம் என்று நினைக்காதீர்கள். அதில் சோவாந்திட் என்ற, சாமந்திக்கு உறவான உயிர் ஒட்டியிருந்தால் ஆவியோடு வரும் பாலிரொக்சின் நஞ்சு ஆளையே படுக்கவைத்துவிடும். கல்லையும் அந்த வெளுப்பு நீரிலேயே ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, வெயிலில் காயப்போடுங்கள். வாவிக்கோ கடலுக்கோ ஒரு வாளிகூடக் கொட்டவேண்டாம். பாதத்தின் ஒரு கடுகுத்துண்டு போதும், இது முளைத்துவிடும். காயங்கேணிப் பாறையிலோ கல்லடிப் பாலத்தூணிலோ எங்கிருந்தோ வந்த ஐப்டேசியா முளைப்பதை நான் பார்க்க விரும்பவில்லை. வெளுப்பு நீர் வாசம் முற்றாகப் போகும்வரை, இரண்டு மூன்று நாள், பீப்பாய் திறந்து கிடக்கட்டும். பிறகு வீட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள், தோட்டத்தில் வேண்டாம், உப்பு மண்ணைக் கெடுக்கும்.